பிராக் நகரத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: கூட்டம், பாலம், காசு, சாப்பாடு, இன்ன பிற

செக் குடியரசின் தலைநகரம் பிராக். வில்தாவா ஆறு ஊரின் நடுவே வளைந்து ஓடுகிறது, இரண்டு கரையிலும் ஆயிரம் வருடக் கட்டடங்கள். நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்பது தெரிந்ததும் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், அத்தையின் சம்பந்தி வீட்டார் வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

உண்மையிலேயே அவ்வளவு கூட்டமா? படத்தில் பார்த்தால் பயமாக இருக்கிறதே.

கூட்டம் உண்டு, ஆனால் அது ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. ஒரே கோட்டில் இருக்கிறது. பழைய காலத்தில் பொஹிமிய (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) அரசர்கள் முடிசூட்டிக்கொள்ள ஊர்வலமாகப் போன பாதை ஒன்று உண்டு: வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, செலெட்னா தெரு, பழைய நகரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம், மோஸ்டெட்ஸ்கா, நெருடோவா ஏற்றம், கடைசியில் கோட்டை. மூன்று கிலோமீட்டர்கூட வராது. வருடத்துக்கு 80 லட்சம் பேர் அளவில் பிராகில் இரவு தங்கிப் போகிறார்கள், அதில் பெரும்பாலோர் இந்த ஒரு பாதையிலேயே போய் இதிலேயே திரும்புகிறார்கள். ஜூலை மாதம் மதியம் கார்லோவா தெருவில் நின்றால் தைப்பூசத்துக்குப் பழனிப் படி ஏறுகிற மாதிரி இருக்கும், நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அதே நேரத்தில் அந்தத் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளிப் போனால் ஆள் நடமாட்டமே இருக்காது. ஆகவே நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: அந்த ஊர்வலப் பாதையை விடியற்காலையிலோ ராத்திரியிலோ ஒரு தடவை நடந்து முடித்துவிடுங்கள், பகல் பொழுதையும் பணத்தையும் அதற்கு வெளியே செலவழியுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன.

நாங்கள் வருவதே ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவா? அப்படியானால் வராமல் இருந்துவிடலாமா?

வாருங்கள். யாரும் விரட்டப் போவதில்லை. ஆனால் அவர்களுக்கு எதில் கோபம் என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்தது. அதன் பிறகு அரசு எடுத்துக்கொண்ட வீடுகள் பழைய சொந்தக்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் திரும்பக் கிடைத்தன, நிறையப் பேர் அவற்றை விற்றார்கள், வாங்கியவர்கள் ஓட்டலாகவும் கடையாகவும் மாற்றினார்கள். 1992இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அப்புறம் மலிவு விமானங்கள், அதற்கும் அப்புறம் வீடுகளைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி. பதின்மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் வாழும் நகரத்தில், பழைய மையப்பகுதி அடங்கிய பிராக் 1 என்ற வட்டத்தில் இன்று குடியிருப்பவர்கள் 30,000 பேர் அளவுதான். செருப்பு தைப்பவர், மளிகைக்கடை, இரும்புச் சாமான் கடை எல்லாம் போய், காந்தப் பொம்மையும் கஞ்சா இலைப் படம் போட்ட லாலிபாப்பும் விற்கும் கடைகள் வந்துவிட்டன. ஒரு பல்பு வாங்க டிராம் ஏற வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இன்னொரு கோபம் இரவுச் சத்தம். பீர் மலிவு என்பதற்காகவே கல்யாணத்துக்கு முந்தைய ஆண்கள் பார்ட்டி நடத்த வெளிநாட்டிலிருந்து கும்பல் கும்பலாக வருவார்கள், வழிகாட்டி ஒருவர் கடை கடையாகக் கூட்டிப்போவார். 2024 இலையுதிர் காலத்தில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை இப்படிக் கூட்டிப்போகும் மதுக்கடைச் சுற்றுக்கு மாநகராட்சி தடை போட்டது. அதற்கு முன்பே, 2016இல், மையப்பகுதியில் செக்வே என்ற, நின்றபடி ஓட்டும் இரண்டு சக்கர மின்வண்டிகளைத் தடை செய்திருந்தார்கள். குடும்பமாக வந்து பத்து மணிக்குப் படுத்துவிடும் நம்மைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் டிராமில் ஸ்பீக்கரில் வீடியோ கால் பேசினால் சுளிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

எந்த மாதம் வரலாம்?

கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் நவம்பர் முதல் மூன்று வாரம், அல்லது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. குளிரும், பூஜ்யத்துக்குக் கீழே போகும், டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் பனி மூட்டத்தில் இந்த ஊருக்கு வரும் அழகு வெயிலில் வராது, இது என் சொந்த ரசனை, ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் டிசம்பரும், ஈஸ்டர் வாரமும் குளிர்காலக் கணக்கில் சேராது, கோடை அளவுக்கு நெரிசல். பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் வர முடியும் என்றால் வாருங்கள், பூ பூக்கும் காலம், காலையில் மட்டும் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள்.

சார்லஸ் பாலத்தை ஆள் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும், காலை ஆறு மணிக்கு. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். அப்போதும் கல்யாண உடையில் போட்டோ எடுக்கும் ஜோடிகள் இரண்டு மூன்று இருப்பார்கள், அவர்களைத் தாண்டிப் போய்விட்டால் பாலம் உங்களுடையது.

நான்காம் சார்லஸ் பேரரசர் காலத்தில் 1357இல் கட்டத் தொடங்கினார்கள். ஜோசியர்கள் குறித்த நேரத்தில், அதாவது 1357ஆம் வருடம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் என்று ஒரு கதை: 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று எண்கள் ஏறி இறங்கும். நல்ல நேரம் பார்த்துக் கடைக்கால் போடும் நமக்கு இந்தக் கதை சட்டென்று பிடித்துவிடும், ஆனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், மேலே 30 சிலைத் தொகுதிகள். இன்று நிற்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள், அசல் சிலைகளில் பலவற்றை மழையிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காப்பாற்ற அருங்காட்சியகத்துக்கும் விஷெஹ்ராட் கோட்டையின் நிலவறைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நெபோமுக் ஜான் என்ற பாதிரியாரை 1393இல் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளினார்கள், அவருடைய சிலைக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று எல்லோரும் தேய்த்துத் தேய்த்து அது பளபளவென்று இருக்கும். அங்கே வரிசை நின்றால் நேரம்தான் போகும்.

பாலத்தின் மேல் நின்றால் பாலம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதைப் பார்க்க வடக்கே மானெஸ் பாலம், தெற்கே லெகீ பாலம். இரண்டிலும் பகலில்கூட நிம்மதியாக நிற்கலாம்.

வானியல் கடிகாரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா?

வேண்டாம். மணிக்கு ஒரு தடவை, காலை 9 முதல் இரவு 11 வரை, ஜன்னல் திறந்து ஏசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்துபோகும். ஒரு நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடும். எல்லோரும் கழுத்தை நிமிர்த்திப் போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்த ஒரு நிமிடம் ஜேப்படிக்காரர்களுக்கு முகூர்த்த நேரம்.

மணி அடிக்காத நேரத்தில் போய் முகப்பைப் பாருங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. 1410ஆம் ஆண்டுக் கருவி. சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, நிலவின் பிறை எவ்வளவு, சூரிய அஸ்தமனத்திலிருந்து கணக்கிடும் பழைய பொஹிமிய மணி எத்தனை என்று எல்லாவற்றையும் ஒரே முகப்பில் காட்டும். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய அப்பாவோ தாத்தாவோ கூட வந்தால் அரை மணி நேரம் அங்கேயே நிற்பார்கள். இதைச் செய்தவரின் கண்ணை நகரசபை குருடாக்கியது என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை மட்டும் கட்டுக்கதை.

பிராக் கோட்டைக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

வளாகத்துக்குள் நடக்கக் காசு கிடையாது, பாதுகாப்புச் சோதனை மட்டும் இருக்கலாம். காலை 6 மணிக்கே கதவைத் திறந்துவிடுவார்கள். தேவாலயத்தின் உட்பகுதி, பழைய அரண்மனை, தங்கச் சந்து இவற்றுக்குத்தான் டிக்கெட், அது இரண்டு நாள் செல்லும், எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்கத் தேவையில்லை. புனித விட்டுஸ் தேவாலயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாட்டுக்காக, சுற்றுலாக்காரர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கட்டடம் முடிந்தது 1929இல். உள்ளே போனால் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் தவறவிடாதீர்கள்.

தங்கச் சந்தில் 22ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916, 17 வாக்கில் எழுத இடம் வைத்திருந்தார். இப்போது அது கடை. சாயங்காலம் கண்காட்சி அறைகள் மூடிய பிறகு சந்தில் டிக்கெட் இல்லாமலே நடக்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

நெருடோவா தெரு வழியாக மூச்சு வாங்க ஏறி வராதீர்கள். 22ஆம் எண் டிராமில் ஏறிக் கோட்டைக்குப் பின்பக்கம் இறங்கி உள்ளே போய், திரும்பும்போது சரிவில் நடந்து இறங்குவது சுலபம். அந்த டிராமிலும் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது? ஏர்பிஎன்பி பழைய நகரத்துக்குள்ளேயே கிடைக்கிறதே?

கிடைக்கும். மாடியில் நீங்கள் தங்கும் வீட்டுக்கு அடுத்த கதவில் ஒரு பாட்டி இருப்பார், வாரத்துக்கு இரண்டு முறை புது ஆட்கள் நள்ளிரவில் கல்பாவிய தெருவில் பெட்டியைக் கடகடவென்று இழுத்து வருவதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அது ஒரு பக்கம். உங்களுக்கே அங்கே தூக்கம் வராது என்பது இன்னொரு பக்கம், ட்லௌஹா தெருப் பக்கம் எடுத்தால் விடிய விடியக் கச்சேரிதான்.

வினோஹ்ரடி, கார்லின், ஹொலெஷோவிட்ஸே, டெய்விட்ஸே இந்த நான்கில் எதிலாவது ஓட்டலோ விடுதியோ எடுங்கள். மெட்ரோவில் பத்துப் பதினைந்து நிமிடம். கீழே பேக்கரி இருக்கும், பூங்கா இருக்கும், விலையும் ஊர்க்காரர்கள் கொடுக்கும் விலை. எனக்கு வினோஹ்ரடி மேல் கொஞ்சம் பட்சபாதம்: யிர்ஷி போடெப்ராட் சதுக்கத்தில் வாரத்தில் சில நாள் உழவர் சந்தை, அதன் நடுவே ஸ்லோவீனியக் கட்டடக் கலைஞர் பிளெச்னிக் வடிவமைத்து 1932இல் முடிந்த ஒரு தேவாலயம். கப்பல் பாய்மரம் போல அகலமான கோபுரமும் அதில் பெரிய கண்ணாடிக் கடிகாரமும். அதைப் பார்க்க வரிசையே கிடையாது.

குழந்தைகளுக்குச் சோறு வடிக்க அடுப்பு வேண்டும் என்பவர்கள் சமையலறை வைத்த ஓட்டல்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள், உண்டு.

வெனிஸ் போல ஊருக்குள் நுழையக் கட்டணம் வாங்குகிறார்களா?

இல்லை. வெனிஸில் 2024 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல் நேரப் பயணிகளிடம் வாங்குகிறார்கள், இங்கே அப்படி எதுவும் கிடையாது. தங்குமிடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 50 கொருனா வரி உண்டு, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. சில இடங்களில் அறை வாடகையோடு சேர்த்திருப்பார்கள், சில இடங்களில் தனியாகக் கேட்பார்கள். கேட்டால் ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள்.

பணம் எப்படி மாற்றுவது? யூரோ செல்லுமா?

இங்கே நாணயம் செக் கொருனா. யூரோவைச் சில கடைகளில் வாங்குவார்கள், அவர்கள் வைத்த கணக்கில். சுமார் நான்கு ரூபாய்க்கு ஒரு கொருனா என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

முதலில், தெருவில் யாராவது நல்ல விலை தருகிறேன் என்று நோட்டை நீட்டினால் நடையைக் கட்டுங்கள், கொருனா என்று சொல்லிக் கையில் கொடுப்பது வேறு நாட்டு நோட்டாகவோ செல்லாத பழைய நோட்டாகவோ இருக்கும். அடுத்து, கடை மாதிரியே இருக்கும் நாணய மாற்று நிலையங்களிலும் சில மோசமான விலைக்குப் பெயர் போனவை. அதற்காகவே 2019 ஏப்ரலில் சட்டம் கொண்டுவந்தார்கள்: 1000 யூரோ மதிப்பு வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ரசீது வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது, அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

பெரும்பாலும் இதெல்லாம் தேவையே படாது, காய்கறிக் கடை வரை அட்டை வாங்குகிறார்கள். ஏடிஎம்மில் எடுப்பதானால் ஏதாவது வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள், சுற்றுலா இடங்களில் மூலைக்கு மூலை நிற்கும் தனி இயந்திரங்களில் வேண்டாம். திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா என்று கேட்டால் எப்போதும் கொருனா.

ஏமாற்று வேலைகள் வேறு என்ன?

சதுக்கத்தில் தீயில் சுழலும் பன்றித் தொடைக் கடைகளில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. நீங்கள் ஒரு தட்டு என்று நினைத்துக் கேட்பீர்கள், அவர் முந்நூறு நானூறு கிராம் வெட்டித் தராசில் வைத்துவிடுவார். சட்டப்படி எல்லாம் சரிதான், பில்லைப் பார்த்தால்தான் வயிறு எரியும். உணவகத்தில் கேட்காமலே மேசையில் வைக்கும் ரொட்டிக்குக் காசு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டா கரடி, பனிக்கரடி வேஷக்காரர்களோடு படம் எடுத்தால் காசு கேட்பார்கள். தெருவில் நின்று கைகாட்டும் டாக்சி வேண்டாம், போல்ட், ஊபர் போன்ற செயலிகளில் விலை முன்கூட்டியே தெரியும்.

பழைய காலத்து விக் வைத்து மொசார்ட் கச்சேரி டிக்கெட் விற்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த விலைக்கு ருடோல்ஃபினும் அரங்கில் செக் ஃபில்ஹார்மோனிக் கேட்கலாம், அல்லது எஸ்டேட்ஸ் அரங்கில் ஆபெரா என்ற இசைநாடகம் பார்க்கலாம். மொசார்ட் தன் டான் ஜியோவானி ஆபெராவை 1787 அக்டோபரில் முதன்முதலாக நடத்தியது அந்த அரங்கில்தான்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். இப்போது கவலையே வேண்டாம். வீகன் உணவகங்கள் நிறைய, இந்திய உணவகங்களும் உண்டு. வியட்நாமியர்கள் இங்கே பெரிய சமூகம், கம்யூனிஸ்ட் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களின் வழிவந்தவர்கள், அவர்கள் கடையில் டோஃபு போட்ட சோறும் நூடுல்ஸும் கிடைக்கும். மீன் சாஸ் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே லிபுஷ் பகுதியில் சாபா என்று அவர்களுடைய பெரிய மொத்தவிலைச் சந்தை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், வெண்டைக்காய் வரை கிடைக்கும்.

செக் சாப்பாட்டில் சைவம் என்றால் ஸ்மாஷெனி ஸீர், அதாவது ரொட்டித் தூள் தோய்த்துப் பொரித்த சீஸ், கூடவே உருளைக்கிழங்கு. ஒரு தடவை சாப்பிட நன்றாக இருக்கும். ப்ரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடை பூண்டு வாசத்தோடு நம் நாக்குக்கு ஒத்துவரும், ஆனால் பன்றிக் கொழுப்பில் சுடுகிறார்களா எண்ணெயிலா என்று கேளுங்கள். சூப் என்று எழுதியிருந்தால் அநேகமாக இறைச்சி வேகவைத்த தண்ணீர்தான்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே யோசனை: வார நாளில் 11 மணியிலிருந்து 2 மணி வரை நிறைய உணவகங்களில் மதியச் சாப்பாட்டுப் பட்டியல் தனியாக இருக்கும், அலுவலகம் போகிறவர்களுக்கானது, விலை இரவு விலையை விட நிறையக் குறைவு. ஸ்விச்கோவாவோ (க்ரீம் சாஸில் மாட்டிறைச்சி) குலாஷோ (இறைச்சிக் குழம்பு) அப்போது சாப்பிடுங்கள், அந்த ஊர்வலப் பாதையை விட்டுத் தள்ளி.

எல்லா மூலையிலும் விற்கும் அந்தக் குழல் ரொட்டி, ட்ரெடெல்னிக், செக் பாரம்பரியமா?

கடைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். இங்கே அது பெருகியது சுற்றுலாவோடுதான், பிராகில் வளர்ந்த நடுத்தர வயதுக்காரர்களைக் கேட்டால் சின்ன வயதில் பார்த்ததே இல்லை என்பார்கள். ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்ஸா ஊர் ட்ரெடெல்னிக்குத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது, ஹங்கேரியிலும் திரான்சில்வேனியாவிலும் அதன் உறவுக்காரப் பண்டம் உண்டு. சூடாக இருந்தால் ருசிதான், குழந்தை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். உள்ளே ஐஸ்கிரீம் திணித்துத் தருவதை மட்டும் பாரம்பரியம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

படகுச் சவாரி போகலாமா? ஆற்றில் வேறு என்ன செய்யலாம்?

ஒரு மணி நேரப் படகில் போவது தப்பில்லை, ஆனால் ஆற்றோடு பழக அது வழி இல்லை. ஊர்ப் போக்குவரத்து டிக்கெட்டிலேயே ஏறக்கூடிய சின்னத் தோணிகள் ஓடுகின்றன, இக்கரையிலிருந்து அக்கரைக்குச் சில நிமிடம். சைக்கிளோடு, நாயோடு ஊர்க்காரர்கள் ஏறுவார்கள்.

சனிக்கிழமை காலையில் தெற்கே நாப்லாவ்கா படித்துறைக்குப் போங்கள். ஆற்றை ஒட்டியே உழவர் சந்தை நடக்கும், மதியம் இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும். கரைச் சுவரில் பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய பழைய அறைகளுக்குச் சில வருடங்களுக்கு முன்பு பெரிய வட்டக் கண்ணாடிக் கதவுகள் வைத்துக் காபிக் கடையும் கண்காட்சியுமாக மாற்றினார்கள், அந்தக் கண்ணாடி முழுசாகச் சாய்ந்து சுழன்று திறக்கும். பனிக்கட்டியா என்று கேட்பீர்கள். ஆம், ஒரு காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும், அறுத்தெடுத்து மதுக்கடைகளுக்கு விற்பார்கள். 1950களில் மேலே ஸ்லாபி முதலான அணைகள் வந்த பிறகு, ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைவதில்லை, கோடையில் சுடுவதும் இல்லை. ஆற்றில் குளிக்கும் பழக்கமும் அதோடு சுருங்கிப்போனது.

வெள்ளம் மட்டும் போகவில்லை. 1890இல் சார்லஸ் பாலத்தின் வளைவுகளையே அடித்துக்கொண்டு போனது. 2002 ஆகஸ்டில் மெட்ரோ சுரங்கங்களுக்குள் புகுந்தது, கார்லின் பகுதியில் வீடுகள் இடிந்தன. இன்று கார்லின் பளபளப்பாக இருப்பதற்கு அந்த வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியது ஒரு காரணம். அங்கிருந்து ஹொலெஷோவிட்ஸேவுக்கு 2023இல் திறந்த வெள்ளை நடைபாலம் ஒன்று உண்டு. சாயங்காலம் அதன் மேல் நடந்து போய், அக்கரையில் டிராம் பிடித்து லெட்னா மேட்டில் ஏறினால் எல்லாப் பாலங்களும் வரிசையாகக் கீழே தெரியும்.

அம்மாவுக்கு முட்டி வலி. நடக்க முடியுமா?

கல்பாவிய தெருக்கள் கொஞ்சம் கடினம், மழை பெய்தால் வழுக்கும், தட்டையான பிடிப்புள்ள ஷூ கட்டாயம். சேலைக்குக் கீழே செருப்போடு வந்து சிரமப்பட்ட பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிராம்தான் உங்கள் துணை. 17ஆம் எண் டிராம் ஆற்றங்கரையோடு போகும், உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். வயதானவர் ஏறினால் இளைஞர்கள் எழுந்து இடம் விடுவார்கள், இந்த விஷயத்தில் ஊர் தங்கம். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை அடிக்க மறக்காதீர்கள், பரிசோதகரிடம் புதுசு என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏறி இறங்காமல் பார்க்க விஷெஹ்ராட் நல்லது. மெட்ரோவிலிருந்து சமதளமாகவே நடந்து போகலாம். ஆற்றுக்கு மேலே பழைய கோட்டை, மரநிழல், பெஞ்சுகள். இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக், ஸ்மெதனா, ஓவியர் முகா எல்லோரும் அங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில்.

தமிழோடு பிராகுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பெரிய தொடர்பு. தமிழறிஞர் கமில் சுவெலபில் 1927இல் பிறந்தது இந்த ஊரில்தான், படித்தது இங்குள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில். சங்க இலக்கியத்தையும் தமிழ் யாப்பையும் மேற்குலகுக்குக் கொண்டுபோன முக்கியமானவர்களில் ஒருவர். 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் உள்ளே வந்த பிறகு நாட்டை விட்டுப் போனார், பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பேராசிரியராக இருந்தார், 2009இல் காலமானார். அவருக்குப் பின் யாரொஸ்லாவ் வாசெக் இங்கேயே இருந்து தமிழ் கற்பித்தார்.

பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில், யான் பலாக் சதுக்கத்தில் இருக்கிறது. அந்தப் படையெடுப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தன்னைத்தானே தீ வைத்துக்கொண்ட மாணவர் பலாக், சுவரில் அவருடைய முகவார்ப்பு இருக்கும். சார்லஸ் பாலத்திலிருந்து ஐந்து நிமிடம், அநேகமாக யாரும் நிற்பதில்லை.

விசா?

ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும், கோடைக்கு இன்னும் முன்கூட்டியே. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்?

59ஆம் எண் டிராலிபஸ் ஏறி வெலெஸ்லாவீன் நிலையத்தில் இறங்கி மெட்ரோ ஏ பாதை. நீளமான வண்டி, பெட்டிகளுக்கு இடம் இருக்கும்.

செஸ்கி க்ரும்லோவ் ஒரே நாளில் போய்வரலாமா?

போகலாம், ஆனால் அங்கே கூட்டத்தின் கதை இங்கே விட மோசம். அதே வில்தாவா ஆறு ஒரு குட்டி ஊரை வளையம் போலச் சுற்றி ஓடும், மேலே கோட்டை, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. பதின்மூவாயிரம் பேர் வாழும் ஊர், பழைய மையத்தில் குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். 2018இல் கேத்ரினா ஷெடா என்ற கலைஞர் ஒரு வேலை செய்தார்: குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்து அந்த மையத்தில் சும்மா வாழச் சொன்னார். துணி உலர்த்துவது, பிள்ளையோடு விளையாடுவது, அக்கம்பக்கம் பேசுவது, இதுதான் வேலை. அதை வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியின் செக், ஸ்லோவாக் அரங்கில் காட்டினார்கள். 2019 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்து கட்டணம் கட்டித்தான் ஊருக்குள் ஆட்களை இறக்க முடியும்.

பேருந்துகள் காலை பத்து மணிக்கு மேல் வந்து மாலையில் போய்விடும். அதனால் ஒரு இரவு அங்கே தங்குவதாக இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் பயணம் செய்து நெரிசலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். தங்க நாள் இல்லை என்றால் ரயிலில் ஒரு மணி நேரத்தில் குட்னா ஹோரா. பழைய வெள்ளிச் சுரங்க ஊர், பிரமாதமான புனித பார்பரா தேவாலயம், மனித எலும்புகளால் அலங்கரித்த செட்லெட்ஸ் சிற்றாலயம். அந்தச் சிற்றாலயத்துக்குள் 2020இலிருந்து படம் எடுக்க அனுமதி இல்லை, மண்டை ஓடுகளுக்குக் கண்ணாடியும் தொப்பியும் மாட்டி ஆட்கள் செல்ஃபி எடுத்ததால் வந்த வினை. போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.